மோட்டாரும் நிலத்தொடர்பும்

தறியில் பெல்ட் அறுந்தால் தறி நின்றுவிடும். ப்யூஸ் போனால் மோட்டார் நின்றுவிடும். கிணற்றில் புட்வால்வு பழுதானால் தண்ணீர் மேலே ஏறாது. இவ்வாறு நம் தொழிற் சாதனங்களில் உண்டாகும் குறைகளிற் பெரும்பாலானவை தம்மைத் தாமே தெரிவித்துக் கொள்கின்றன. வேலை தடைப்படுவதால் அன்றைக்கே ஆளை அழைத்துப் பழுது பார்க்கிறோம். இதற்கு விலக்காக இருப்பது நிலத்தொடர்பு ஒன்றே. 'எர்த்' என்று நாம் வழங்கும் அந்தக் கம்பி அறுந்து கிடந்தாலும் மோட்டார் வழக்கம்போல் ஓடும். துணி வழக்கம்போல் இறங்கும். வாய்க்காலில் தண்ணீரும் பாயும். ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்து வரலாம். அதனாலேயே நம் கூடங்களில் மிகவும் அலட்சியம் செய்யப்படும் கம்பி அதுவாக இருக்கிறது. மோட்டாரின் உறையை ஒருவர் ஈரக் கையால் தொட்டுக் கீழே விழும் நாளில்தான் அந்தக் குறை வெளிப்படுகிறது. ஆதலால் இது வயர்மேனின் பொறுப்பு என்று விட்டுவிடாமல், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தாமே விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயமாகும்.

பைகாரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டில் மின்விசை வழங்கத் தொடங்கிய பின்னர் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் பெருகின. பிற்காலத்தில் சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய ஊர்களில் விசைத்தறிகள் பரவின. ஒரே குடும்பத்தில் வீட்டையொட்டித் தறிக் கூடமும் தோட்டத்தில் மோட்டாரும் இருப்பது இன்று சாதாரணக் காட்சி. கூடத்தில் பஞ்சுத் தூசி, கிணற்றடியில் ஈரம் என்று இடத்துக்கு ஒரு பகை இருப்பினும் விளைவு ஒன்றேதான்.

அந்த விளைவு எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் பார்ப்போம். மோட்டாரின் உள்ளே இரும்புத் தகடுகளின் பள்ளங்களில் செப்புக் கம்பிச் சுருள் அமைந்திருக்கிறது. கம்பிக்கும் இரும்புக்கும் இடையே நிற்பவை மெல்லிய எனாமல் பூச்சும் காப்புத் தாளுமே. பாரம் மிகுந்து சூடேறினால் அவை கருகும். ஈரம் ஏறினால் வலுவிழக்கும். தறியில் இன்னொரு வழியும் உண்டு. மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் சேரும் பஞ்சு, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மின்சாரத்துக்குப் பாதையாகிவிடுகிறது. தறியின் ஓயாத அதிர்வினால், பெட்டித் துளையின் தகட்டு விளிம்பில் கம்பியின் மேலுறை நாள்தோறும் உராய்ந்து தேய்கிறது. எலி கடித்தாலும் இதே கதைதான். எவ்வகையிலாயினும் ஒரு பேஸ் கம்பி இரும்பைத் தொட்டுவிட்டால், மோட்டாரின் உறையும் அது பொருந்தியிருக்கும் தறியின் சட்டமும் 240 வோல்ட் அழுத்தம் பெற்று நிற்கும். பார்வைக்கு ஒரு மாறுதலும் தெரியாது.

ஈரத்தோடு இருக்கும் மனித உடலின் மின்தடை ஏறக்குறைய 1,000 ஓம் எனக் கொள்ளலாம். 240 வோல்ட் அழுத்தத்தில் உடலின் வழியே 240 மில்லியாம்பியர் பாயும். சுமார் 10 மில்லியாம்பியரிலேயே தசைகள் இறுகிப் பிடித்த கையை விட முடியாமற் போகிறது. 30 அளவில் மூச்சு தடைப்படலாம். அதற்கு மேல் 50, 100 என ஏற ஏற இருதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலைகிறது. இவ்வாறு பற்றிக்கொண்டவரைக் கையால் பிடித்து இழுத்தவரும் உடன் மாய்ந்த சம்பவங்கள் நம் ஊர்களில் புதியவையல்ல. முதலில் மெயின் சுவிட்சை அணைத்தல் வேண்டும். அது எட்டாத தூரத்தில் இருந்தால், உலர்ந்த தரையின் மேலோ பலகையின் மேலோ நின்று உலர்ந்த மரக்கழியால் அவரை விலக்க வேண்டும். மூச்சு இல்லையெனில் 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குலம் ஆழும்படி அழுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும்.

மண் மின்சாரத்தை விழுங்குவதில்லை

எர்த் குழி ஒன்று வெட்டிக் குழாய் இறக்கிவிட்டால் கசியும் மின்சாரத்தை மண் விழுங்கிவிடும் என்ற எண்ணம் நம்மில் பரவலாக இருக்கிறது. இது சரியன்று. மின்சாரம் எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்பட்டதோ அதற்கே திரும்பிச் செல்ல முயல்கிறது. டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் அங்கே நிலத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், நம் குழியில் இறங்கிய மின்சாரம் மண்ணின் வழியே அந்தக் குழிக்குச் சென்று சேர்கிறது. மண் அதற்கு ஒரு வழி மட்டுமே. அதுவும் கரடுமுரடான வழி.

ஓர் எளிய கணக்கினால் இதனை அறியலாம். நம் குழியின் தடை 5 ஓம், டிரான்ஸ்பார்மர் குழியின் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நல்ல குழிகளே. ஒரு பேஸ் கம்பி மோட்டார் உறையைத் தொட்டால் 240 வோல்ட் அழுத்தம் 7 ஓம் தடையில் சுமார் 34 ஆம்பியரைச் செலுத்தும். 5 குதிரைத்திறன் மோட்டார் முழுப் பாரத்தில் எடுப்பது ஏறக்குறைய 7.5 ஆம்பியர், ஆயினும் புறப்படும்போது அது பன்மடங்கு இழுப்பதால் 15 அல்லது 20 ஆம்பியர் ப்யூஸ் போட்டிருப்பார்கள். 20 ஆம்பியர்க் கம்பியை 34 ஆம்பியர் சூடாக்குமேயன்றி உடனே உருக்கிவிடாது. இதற்கிடையில் மோட்டார் உறையின் அழுத்தம் என்ன? 34 ஆம்பியரை 5 ஓமால் பெருக்கினால் 170 வோல்ட். எர்த் கம்பியும் குழியும் செம்மையாக இருந்தும் உறையின் மேல் 170 வோல்ட் நிற்கிறது!

கோடையில் குழி வறண்டு 20 ஓம் ஆகிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். அப்போது பாய்வது 11 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் ப்யூஸ் அதனை ஆயுள் முழுதும் தாங்கும். உறையின் மேல் 218 வோல்ட் இருக்கும். மணிக்கு இரண்டரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் மண்ணில் வீணாகிக்கொண்டும் இருக்கும். ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே சரியாக அமைக்கப்பட்டிருந்தால் சிறிது நேரத்தில் அது விடுபடலாம் என்பது உண்மையே. எனினும் அது மோட்டாரைக் காக்க வைத்த சாதனம். மனிதரைக் காக்கும் வேகம் அதற்கு இல்லை. கோளாறு ஸ்டார்ட்டருக்கு முன்னால், மெயின் பெட்டியிலோ இரும்புக் குழாயிலோ நேர்ந்தால் அந்த ரிலேயும் பயன்படாது.

சொந்த டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் நூற்பாலைகளில் ஒவ்வொரு மோட்டாரின் உறையும் உலோகக் கம்பியாலேயே டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் முனை வரை இணைக்கப்பட்டிருக்கும். பாதை முழுவதும் உலோகமாதலால் தடை அரை ஓமுக்குள் அடங்கும். கோளாறு நேர்ந்த கணமே 480 ஆம்பியர் போன்ற பெருமின்னோட்டம் பாய்ந்து ப்யூஸைத் தெறிக்கச் செய்யும். கம்பத்திலிருந்து சர்வீஸ் பெறும் சிறு கூடத்துக்கும் தோட்டத்துக்கும் பெரும்பாலும் இந்த வசதி இல்லை. நமக்குத் துணையாவது மண் ஒன்றே என்னும்போது, அந்த மண் கடத்தும் சிறிய மின்னோட்டத்தைக் கண்டே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்று வேண்டும். கடைக்காரர்கள் அதனை ஆர்.சி.சி.பி. என்பர், ஈ.எல்.சி.பி. என்ற பழைய பெயரும் வழக்கில் உள்ளது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். எங்கேனும் ஒரு பகுதி வழிதவறி மண்ணுக்குச் சென்றால், வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டுமுன்போ எட்டியவுடனோ துண்டித்துவிடும். கோளாறு பெரிதாயின் விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் வேலை முடிந்துவிடும்.

இக்கருவி இருந்தால் குழியின் தடை 100 ஓமே ஆயினும் 2.4 ஆம்பியர் கசிந்து கருவியைத் தட்டிவிடும். அப்படியானால் எர்த் கம்பியே வேண்டாமே என்று சிலர் கேட்கிறார்கள். எர்த் கம்பி இல்லாவிட்டால் கசிவுக்குப் பாதை இல்லை. பாதை இல்லாதவரை கருவிக்கும் ஒன்றும் தெரியாது. யாரேனும் ஒருவர் உறையைத் தொட்டு, தம் உடலையே பாதையாக்கிக் கொடுத்த பிறகுதான் அது துண்டிக்கும். கம்பியும் கருவியும் சேர்ந்திருந்தாலன்றிக் காப்பு நிறைவு பெறாது. பல தறிகள் ஒரே கருவியின் கீழ் ஓடும் கூடத்தில், ஒவ்வொன்றிலும் இயல்பாக உள்ள சிறு கசிவுகள் ஒன்றுசேர்ந்து அடிக்கடி துண்டிக்கக்கூடும். அதற்காகக் கருவியையே கழற்றி எறிந்துவிடுவது நம்மிடையே காணப்படும் வழக்கம். தறிகளை இரண்டு மூன்று வரிசைகளாகப் பிரித்து வரிசைக்கு ஒன்று வைப்பதும், மெயினில் 100 அல்லது 300 மில்லியாம்பியர்க் கருவி வைப்பதுமே முறை.

குழியும் கம்பியும்

நிலத்தொடர்புக்கென இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 என்பது 1966-இல் வெளிவந்து, 1987-இலும் 2018-இலும் திருத்தப்பட்டது. 38 மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டமுள்ள நாகம் பூசிய இரும்புக் குழாயை 2.5 மீட்டர் ஆழம் செங்குத்தாக இறக்குவது வழக்கமான முறை. கட்டிடச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கரியும் உப்பும் இட்டால் தடை குறையும் என்பது உண்மை. ஆனால் உப்பு மழையில் கரைந்து போவதோடு குழாயையும் அரிக்கும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அதைவிட மேலான பழக்கம். பாறை அருகிலிருக்கும் நிலங்களில் ஒரே குழியோடு போராடுவதில் பயனில்லை. ஒன்றுக்கொன்று 5 மீட்டர் தள்ளி இரண்டு குழிகள் வைத்து இணைத்தால் தடை ஏறக்குறையப் பாதியாகிவிடும். பக்கம் பக்கமாக வைத்தால் அப்பயன் கிட்டாது.

மோட்டாரின் உறையிலிருந்து இரண்டு தனித்தனிக் கம்பிகள் நிலத்தொடர்புக்குச் செல்ல வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் விதித்தன. பின்னர் வந்த ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்கிறது. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று இருக்கும் என்பதே காரணம். இரண்டு கம்பிகளையும் ஒரே போல்ட்டில் முறுக்கி வைத்தால் இந்த நோக்கம் கெடுகிறது. சிறு மோட்டார்களுக்கு 8-ஆம் நம்பர் ஜி.ஐ. கம்பி போதும். கரி கொட்டுவதில் காட்டும் அக்கறையை நாம் கம்பியின் முனையில் காட்டுவதில்லை என்பதே என் குறை. வண்ணம் பூசிய உறையின் மேல் போல்ட்டை இறுக்கினால் வண்ணமே காப்பாக நின்று தொடர்பைத் தடுக்கும். அவ்விடத்தைச் சுரண்டி இரும்பு பளபளக்கச் செய்து, வாஷர் இட்டு இறுக்கிய பின்பே மேலே வண்ணமோ கிரீஸோ பூச வேண்டும்.

தறிக் கூடத்தில் ஒரு தறியிலிருந்து அடுத்த தறிக்கு, அதிலிருந்து மூன்றாவதற்கு என மாலை கோப்பதுபோல் எர்த் கம்பியை இழுத்திருப்பதைக் காண்கிறோம். நடுவில் ஒரு மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்பினால் அதற்கப்பாலுள்ள தறிகள் யாவும் தொடர்பற்றுப் போகும். சுவரோரமாக ஒரு பட்டையைக் கூடம் முழுவதும் சுற்றி ஓட்டி, இருமுனையையும் குழியோடு சேர்த்து, தறிக்குத் தறி தனிக் கிளை கொடுப்பதே சரி. எந்தத் தறியைக் கழற்றினாலும் மற்றவை கெடுவதில்லை.

தொடக்கூடாத நியூட்ரல்

எர்த்துக்குப் பதிலாக மோட்டார் உறையை நியூட்ரலோடு சேர்த்துவிடும் ஒரு குறுக்கு வழி உண்டு. கம்பத்தில் நியூட்ரல் கம்பி ஒரு நாள் அறுந்தால், வீட்டு விளக்குகளின் வழியாக வந்த பேஸ் அழுத்தம் நியூட்ரலில் ஏறி, அங்கிருந்து எல்லா மோட்டார் உறைகளிலும் ஒரே சமயத்தில் ஏறிவிடும். மோட்டாரில் ஒரு பழுதும் இராது, தொடுபவர் பிழைக்கமாட்டார். இதற்கு நேர்மாறாக, எர்த்தையே நியூட்ரலாக்கித் தோட்டத்து மோட்டார் அறையில் விளக்கு எரிப்பதும் வழக்கமாகிவிட்டது. குழி வறண்டிருக்கும்போது விளக்கின் வழியே வரும் மின்சாரம் எர்த் கம்பியைக் கொதிகம்பியாக்குகிறது. அந்தக் கம்பி எங்கே போகிறது? மோட்டாரின் உறைக்குத்தான். நியூட்ரலிலும் எர்த்திலும் ப்யூஸோ தனிச் சுவிட்சோ வைத்தலும் இவ்வகைத் தவறுகளைச் சேர்ந்ததே. ப்யூஸ் பேஸ் கம்பிகளுக்கு மட்டுமே உரியது. பழுது பார்க்கும்போது ப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது பழைய வயர்மேன்களின் பழக்கம். மேலான பாதுகாப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கிணற்றடியில் அண்மைக் காலத்தில் வந்த ஒரு மாற்றத்தையும் கருத வேண்டும். முன்பு மோட்டாரோடு இணைந்த இரும்புக் குழாய் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. வயர்மேன் எர்த் கொடுக்க மறந்தாலும் அக்குழாய் தற்செயலாக ஒரு நிலத்தொடர்பாக உதவியது. இன்று பாலிதீன் குழாய்கள் வந்துவிட்டன. அவை துருப்பிடிப்பதில்லை, இலேசானவை, விலையும் தாழ்வு. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. குழாயை மாற்றிய அன்றே எர்த் கம்பியைச் சோதித்திருக்க வேண்டும். எத்தனை பேர் அவ்வாறு செய்தோம்?

வேகம் மாற்றும் டிரைவ் கருவிகள்

பாவு சுற்றும் இயந்திரங்கள், கஞ்சி போடும் இயந்திரங்கள், ரேப்பியர் தறிகள் ஆகியவற்றில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. என்னும் டிரைவ் கருவிகள் வந்துவிட்டன. 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டம் முதலானவற்றின் வழியே கிடைக்கும் சூரிய சக்தி மோட்டார்களிலும் அதே இனத்துக் கருவிதான் உள்ளது. இவை மின்சிக்கனம் தருபவை. ஆயினும் சாதாரண ஸ்டார்ட்டருக்குச் செய்த வயரிங் இவற்றுக்குப் போதாது.

டிரைவ் முதலில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கிக் கப்பாசிட்டர்களில் தேக்குகிறது. 415 வோல்ட் இணைப்பில் அத்தேக்கத்தின் அழுத்தம் ஏறக்குறைய 590 வோல்ட். மெயினை அணைத்த பின்னும் இத்தேக்கம் சில நிமிடங்கள் நிற்கும். கருவியின் மேல் எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அதற்குமுன் மூடியைத் திறக்கலாகாது, திறந்த பின்னும் மீட்டரால் அளந்து பார்த்தே கை வைக்க வேண்டும். சூரிய சக்தி மோட்டாரில், வெயில் உள்ளவரை தகடுகள் அழுத்தம் தந்துகொண்டே இருக்கும். ஆதலால் தகடுகளின் பக்கத்து ஐசொலேட்டரை அணைக்காமல் வேலை தொடங்கலாகாது.

தேக்கிய நேர்மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புவதால், கம்பிச் சுருளில் காப்பு நன்றாக இருக்கும்போதே, சுருளுக்கும் உறைக்கும் நடுவே சிறு மின்னோட்டம் இடையறாது கசிகிறது. இது கோளாறன்று, இக்கருவியின் இயல்பு. அது டிரைவுக்கே திரும்பிப் போகச் செவ்வையான வழி இருக்க வேண்டும். வழி இல்லையேல் பேரிங் குண்டுகளின் ஊடாகவும் தறிச் சட்டத்தின் ஊடாகவும் வழி தேடும். பேரிங்குகள் காலத்துக்குமுன் புள்ளி விழுந்து இரைவது இதனாலும் நேரும். ஆகையால் டிரைவிலிருந்து மோட்டாருக்கு, எர்த் கம்பியும் உள்ளடங்கிய, மேலே உலோகப் பின்னல் சுற்றிய கேபிளை இழுத்து, எர்த்தையும் பின்னலையும் டிரைவின் எர்த் முனையில் நேராகச் சேர்க்க வேண்டும். டிரைவின் எர்த் கம்பி 10 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருத்தல் வேண்டும், அல்லது அதே அளவில் இரண்டாவது கம்பி ஒன்றும் வேண்டும் என்பது சர்வதேசத் தரநிலையில் காணும் முறைகள். இயல்பாகவே கசிவுள்ள கருவியில் அந்த ஒரே கம்பி விடுபட்டால், கசிவு முழுவதும் தொடுபவர்மேல் பாயும் என்பதால் இவ்வளவு கண்டிப்பு. மூன்று பேஸ் டிரைவுக்கு முன்னால் சாதாரண ஆர்.சி.சி.பி. வைத்தால் காரணமின்றித் துண்டிக்கலாம்; நேர்மின்சாரக் கசிவு வந்தால் துண்டிக்காமலே இருந்துவிடலாம். பி வகை என்று கேட்டு வாங்க வேண்டும். விலை கூடுதலே.

சங்கம் செய்யக்கூடியது

எர்த் குழியின் தடையை அளக்கும் எர்த் டெஸ்டரும், காப்பின் வலுவை அளக்கும் 500 வோல்ட் மெகரும் தனி ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள்களல்ல. ஆண்டில் ஒரு நாள்தான் அவருக்கு வேலை. ஒரு சங்கம் ஒரு ஜோடி வாங்கி, உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அமர்த்தி, முறை வைத்து அங்கத்தினர் கூடங்களையும் கிணறுகளையும் பார்த்துவரச் செய்யலாம். மெகர் வைக்குமுன் மோட்டாரை ஸ்டார்ட்டரிலிருந்து பிரித்துவிட வேண்டும். டிரைவ் இணைந்திருக்கும்போது மெகரைச் சுழற்றினால் டிரைவின் உள்ளுறுப்புகள் எரிந்துபோகும். சுருளுக்கும் உறைக்கும் நடுவே ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் மோட்டாரை இறக்கி உலர்த்தவோ சுருள் மாற்றவோ வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பதற்கு வயர்மேனும் வேண்டாம், செலவும் இல்லை.

அளந்த எண்களைச் சங்கத்தில் ஒரு பதிவேட்டில் ஆண்டுவாரியாக எழுதி வைப்பது மிகவும் பயனுள்ளது. சென்ற ஆண்டு 4 ஓமாக இருந்த குழி இவ்வாண்டு 15 என்றால், குழாய் துருப்பிடித்ததோ போல்ட் விட்டுப்போனதோ என்று உடனே தெரிந்துவிடும். அளவைப் பங்குனி கடந்து சித்திரை, வைகாசியில் எடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் எல்லாக் குழிகளும் நல்ல குழிகளாகவே தோன்றும்.